கடைசி அத்தியாயம் மட்டும் வேண்டாம்

தமிழ்நாட்டிலிருந்து வருகிற நாவல்கள் சிலவற்றின் பின்னட்டையில் 'கோடை விடுமுறைக்கு ஏற்ற குதூகலமான குடும்பக் கதை' என்று போட்டிருப்பார்கள். எங்களுக்கு அப்படி ஒரு கோடை விடுமுறை கிடையாது. ஆகஸ்ட் லீவுதான். அந்த மாதத்தில் இங்கே இலங்கையில், பதுளைப் பக்கம் மழை விட்டுப்போய், கச்சான் காற்று பிடித்து, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரங்களைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கும். மலை ஊற்றிலிருந்து வருகிற பீலிக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். குடத்தை வைத்துவிட்டு ஒரு தூக்கம் தூங்கி எழுந்திருக்கலாம். ரோட்டுத் தூசி சோற்றுச் சட்டிக்குள் வரும். இதில் குதூகலத்துக்கு எங்கே போவது?

நான் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகிற பாதையில் இறங்கி மேலே ஏறினால் எங்கள் தோட்டம். படித்து உத்தியோகம் பார்த்தும், அம்மாவும் அப்பாவும் இருந்த அதே லயத்துக் காம்பராவில்தான், அந்த ஒற்றை அறையின் முன்பக்கம் கொஞ்சம் இழுத்துக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டாம் தவணை முடிகிறபோது எனக்குத் தொண்டை போய்விடும். பிள்ளைகளிடம் கத்திக் கத்திப் போன தொண்டை. பரீட்சைத் தாள்களைத் திருத்திக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் கொஞ்ச நாள் கிடக்கலாம் என்று உடம்பு கெஞ்சும். ஆனாலும் லீவு விட்ட மறுநாளே பதுளைக்கு பஸ் ஏறுவேன். நாவல் வாங்க. வாங்கி வந்து, அதைச் சத்தம் போட்டு வாசிக்க.

வாசிப்பது என் தங்கச்சிக்காக. அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வேலை நேரத்தில் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் மேடத்துக்குப் பிடிக்காது. ஒரு காதில் மட்டும் ஒயரைச் செருகிக்கொண்டு துணி தேய்த்தால் ஒன்றும் சொல்லமாட்டாராம். அதனால் நான் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக, அத்தியாயம் அத்தியாயமாக வாசித்து அனுப்புவேன். அவள் இஸ்திரிப் பெட்டியால் துணி தேய்த்தபடி கேட்பாள். இப்போதெல்லாம் யூடியூபிலேயே கதை வாசிக்கிறார்களே, அதைக் கேளேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவங்க நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறாங்கக்கா. நடுவுல வயலின் வேற அழுவுது. நீயே வாசி" என்றுவிட்டாள்.

அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிக்கக் கூடாது.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் லயத்தில் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிற பெண்கள், கிளம்புகிற அன்று சாப்பிடும்போது தட்டில் ஒரு வாய் மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருப்பார்கள். யார் தொடங்கி வைத்தது என்று தெரியாது. மிச்சம் வைத்தவள் அதைச் சாப்பிடத் திரும்பி வந்துதானே ஆகவேண்டும், அதுதான் நினைப்பு. அந்தத் தட்டை மூடி வைப்போம், அன்றைக்குக் கழுவமாட்டோம். தங்கச்சியும் வைத்தாள். ஒரு துண்டு ரொட்டியும் கொஞ்சம் கட்டச் சம்பலும். மறுநாள் நான் அதைக் காக்காய்க்கு வைத்தேன். அதைக் கேள்விப்பட்டதும் அவளுக்கு வந்ததே கோபம். "காக்கா தின்னுட்டா அப்பறம் நான் எப்புடிக்கா வாறது?" என்று போனிலேயே சண்டை பிடித்தாள். பாதி விளையாட்டு, பாதி நிஜம். அடுத்த முறை பேசும்போது அவளே ஒரு வழி சொன்னாள்.

"நீ கத வாசிக்கிறல்ல, அதுல கடைசி அத்தியாயத்த மட்டும் விட்டுரு. நீயும் படிக்காத, படிச்சா ஒங் கொரல்ல தெரிஞ்சிரும். அத நான் வந்து படிச்சுக்கிறேன். காயிதத்தக் காக்கா தின்னாது."

அப்படி லீவுக்கு லீவு வாசித்து நிறுத்திய நாவல்கள் எங்கள் அலமாரியின் மேல்தட்டில் ஒரு அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றிலும் கடைசி அத்தியாயத்தை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். அவளுடைய ஒப்பந்தம் இரண்டு வருஷம். இந்தத் தீபாவளிக்கு முன்னால் முடியும். முடிந்ததும் வருவாள், வந்து எழுத்துக் கூட்டித் திண்டாடித் திண்டாடி எல்லாவற்றையும் படிப்பாள், பிறகு இங்கேயே இருப்பாள். வீட்டில் இருந்த நாங்கள் இரண்டு பேரும் அதை நம்பித்தான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தோம். இரண்டாவது ஆள் அவள் மகள். தங்கச்சியின் புருஷன் இறந்து பல வருஷம் ஆகிறது. என் சம்பளத்தில் மூன்று பேரும் இருக்கலாம் என்று நான் சொன்னதை அவள் கேட்கவில்லை. "ஒன் தோள்ல நாங்க ரெண்டு பேரும் எத்தன நாளைக்கு ஏறி உக்காந்திருக்கிறது?" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இனி நாவல்களைப் பற்றி. இத்தனை கதைகளைத் தொண்டை வலிக்க வாசித்தவளுக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருக்குமா?

பதுளையில் நான் போகிற கடை பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கிறது. சாம்பிராணி, குங்குமம், பஞ்சாங்கம், அப்பியாசக் கொப்பி என்று எல்லாம் விற்பார்கள். ஒரு மூலையில் நாவல்கள். முதலாளிக்கு நாவல் படிக்கிற பழக்கமே கிடையாது, ஆனால் எது விற்கும் என்று பார்த்தவுடன் சொல்வார். "அட்டையில பொம்பள அழுதா ரெண்டே நாள்ல போயிரும் டீச்சர். சிரிச்சிக்கிட்டு இருந்தா கெடந்து கரையான் புடிக்கும்." நான் அட்டையைப் பார்ப்பதில்லை. கடைசிப் பக்கத்தைப் பார்க்க முடியாது, தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. ஆகவே நடுவில் பிரித்து ஒரு பக்கம் வாசிப்பேன். அந்தப் பக்கத்தில் ஒரு ஆண் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவேன். பல சமயம் கடையிலேயே கால் கடுத்துவிடும், அவ்வளவு புத்தகங்களைக் கீழே வைக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கோபக்கார நாயகர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. முகம் சிவக்கும், பல்லைக் கடிப்பான், கையைப் பிடித்து முறுக்குவான், 'உள்ளுக்குள் அவன் ஒரு குழந்தை' என்று எழுதிவிடுவார்கள். நாயகியும் அதைக் கண்டுபிடித்து உருகிப்போவாள். இந்த லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். சம்பள நாளில் கைநீட்டுகிற ஆட்களைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டே வளர்ந்திருக்கிறேன். அவர்களுக்குள் எந்தக் குழந்தையும் இருக்கவில்லை. குழந்தைகள் எல்லாம் வெளியே, வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தன.

அடுத்தது மலைநாட்டுக் காதல் கதைகள். விடுமுறை நாவல் என்றால் இது ஒன்றாவது இருந்தாக வேண்டும். நாயகன் பெரிய தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரன். எந்த நேரமும் பனி. கொழுந்து எடுக்கிற பெண்கள் தூரத்தில் தலையில் பூ வைத்துக்கொண்டு கூட்டமாகப் பாடுவார்கள். அத்தோடு அவர்கள் வேலை முடிந்தது. நாயகி பட்டணத்திலிருந்து வந்து, ஆசைக்கு நாலு கொழுந்து கிள்ளி, மலைச்சரிவில் கால் வழுக்குவாள். அவன் பிடித்துக்கொள்வான். நான் வாசித்துக்கொண்டே போய் இந்த இடத்தில் தாங்கமாட்டாமல் நிறுத்திவிட்டேன். "ஏண்டி, விடியக்காலம் பெரட்டுக் களத்துல கங்காணிகிட்ட பேரு குடுத்துட்டு மல ஏறினவ எவளாச்சும் பாடிப் பாத்திருக்கியா?" என்று பதிவிலேயே கேட்டேன். பதில் வந்தது. "பாடினா கொளவி எழும்பிருமேக்கா. நீ வாசி, அந்தப் புள்ள விழுந்தாளா இல்லையா?" அம்மாவை ஒருமுறை குளவி கொட்டி, லொறியில் போட்டுக்கொண்டு பசறை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்கும்.

துப்பறியும் கதைகள் எனக்குப் பிடிக்கும். சுருக்கமாக இருக்கும், யாரும் யாருக்காகவும் உருகுவதில்லை. ஆனால் தங்கச்சிக்கு ஆகாது. தனியாக இருக்கிற இடத்தில் பிணம் வேண்டாம் என்பாள். அதுவும் நியாயம்தான்.

அவளுக்குப் பிடித்தது கூட்டுக்குடும்பக் கதை. பெரிய வீடு, நாலு மருமகள்கள், சமையலறையில் சண்டை. எனக்கு இவை பெரிய அலுப்பு. ஒரு நாத்தனார் ஒரு முந்தானையை உதறிவிட்டுப் போவதற்கு ஒரு பக்கம் எழுதுவார்கள். ஆனால் நடுவில் சாப்பாட்டுப் பந்தி வரும். கத்தரிக்காய் வதக்கியது, அப்பளம், மோர்க்குழம்பு என்று வரிசையாக வரும். அந்தப் பக்கம் வந்தால் மட்டும் தங்கச்சி, "அத இன்னொரு தரம் மெதுவா வாசிக்கா" என்று கேட்பாள். அங்கே அவள் மற்றவர்களுக்கு நாளெல்லாம் சமைத்துப் போடுகிறாள். சாப்பிடும்போது தனியாகச் சாப்பிடுகிறாள். அதனால் எனக்கு எவ்வளவு அலுப்பானாலும் பந்தியைத் திரும்ப வாசித்துவிடுவேன். கதையில் இல்லாத தொட்டுக்கொள்கிற சாமான்களையும் ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்வேன்.

வெளிநாட்டுக் கதைகளும் உண்டு. அவற்றில் நாயகி கல்யாணம் முடித்து அமெரிக்கா போய், பனி கொட்டுகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சாம்பார் வைத்து, ஊரை நினைத்து ஏங்குவாள். ஏங்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்னொருத்தர் வீட்டில் துணி தேய்க்கப் போனவளை வைத்து ஒருவராவது ஒரு காதல் கதை எழுதக் கூடாதா என்று நினைப்பேன். என் தங்கச்சிக்கு இன்னும் நாற்பது வயதாகவில்லை. சிரித்தால் லட்சணமாக இருப்பாள்.

நான் வாசித்து அவள் கேட்பது சின்ன வயதுப் பழக்கம். அப்போது லயத்துக்குள் ஒரு நாவல் வந்தால் வீடு வீடாகச் சுற்றும். எங்கள் வீட்டுக்கு வரும்போது அட்டை இருக்காது. அவள் ரொட்டிக்கு மாப் பிசைவாள், நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். ஒரு கதையில் பணக்கார நாயகன் ஒரு ஏழைப் பெண்ணிடம், 'என்னோடு என் பங்களாவுக்கு வந்துவிடு' என்று கெஞ்சுவான். தங்கச்சி பிசைவதை நிறுத்திவிட்டு, "ஐயோ பாவம். சமையல் வேலைக்கா, புள்ள பாக்கிற வேலைக்கா?" என்றாள். எனக்கும் அப்போது அதே எண்ணம்தான். எங்களைப் போன்ற வீட்டுப் பெண் பங்களாவுக்குப் போகிறாள் என்றால் துரை வீட்டில் வேலைக்குப் போகிறாள், வேறு எதற்குப் போவாள்? அத்தியாயம் முடிந்து தாலி கட்டுகிறவரை நாங்கள் இரண்டு பேரும் அவளுக்கு என்ன சம்பளம் பேசியிருப்பார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தோம். பெரியவர்களானபிறகு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இப்போது அவளே ஒரு பங்களாவில் இருக்கிறாள். சமையல் வேலை, பிள்ளை பார்க்கிற வேலை, இரண்டும் செய்கிறாள்.

இந்த ஆகஸ்டில் காற்று மோசம். தகரச் சத்தத்தில் என் குரல் பதிவாகவில்லை. அதனால் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, காம்பராக் கதவைச் சாத்தி, கட்டிலில் உட்கார்ந்து, தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, உள்ளே போன் வெளிச்சத்தில் வாசிப்பேன். ஒரு அத்தியாயம் முடிந்து வெளியே வரும்போது வேர்த்துக் கொட்டியிருக்கும். தங்கச்சி மகள் பார்த்து முகத்தைச் சுளிப்பாள். அவளுக்கு இந்தக் கதைகள் ஒன்றும் பிடிக்காது. "இதுல எல்லாமே மொத பக்கத்துலயே தெரியுது பெரியம்மா. கடைசியில எல்லாரும் வீட்டுக்கு வந்துருவாங்க, அவ்வளவுதானே?" என்பாள். அவள் சொன்னது சரி. ரப்பர் வளையத்தைக் கழற்றாமலே நானும் அதைச் சொல்லியிருப்பேன். ஓடிப்போனவன் வருவான், கோபித்துக்கொண்டு போனவள் வருவாள், சீமைக்குப் போன மூத்த மகன் பெட்டியோடு வாசலில் நிற்பான். எல்லோரையும் வீடு கொண்டுவந்து சேர்க்காமல் ஒரு கதையும் முடியாது. இது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. வாழ்க்கை அப்படியா இருக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கேலி பேசியிருக்கிறேன்.

இந்த லீவில்தான், மகள் பதினோராம் வகுப்பு முடித்து எழுதிய சாதாரண தரப் பரீட்சையின் முடிவு வந்தது. கோயில் மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்று ஓடியவள், இறங்கி வரும்போது அழுதுகொண்டே வந்தாள். நான் பயந்துவிட்டேன். பிறகு பார்த்தால் அத்தனை பாடமும் நல்ல பெறுபேறு. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ. எங்கள் லயத்தில் இதுவரை யாரும் எடுத்ததில்லை. வீடு வீடாக ஆட்கள் வந்தார்கள். தண்ணீர் இல்லாத நாளில் பக்கத்து வீடுகளில் கடன் வாங்கித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். தங்கச்சிக்கு வீடியோ கால் போட்டபோது அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகள் அடுத்து உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்றாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிரிவு இல்லை. பதுளைக்குப் போய்த் தங்கித்தான் படிக்க வேண்டும். அதையும் சொன்னோம். "படிக்கட்டும், படிக்கட்டும்" என்று மட்டும் தங்கச்சி சொன்னாள்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து பேச்சு குறைந்தது. நான் அனுப்பிய அத்தியாயம் கேட்கப்படாமல் கிடந்தது. வேலை கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதையும் நினைக்கக் களைப்பாக இருந்தது. அப்புறம் ஒருநாள், நான் பீலியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கும்போது, சின்னதாக ஒரு பதிவு வந்தது.

"அக்கா, அந்தக் கடைசி அத்தியாயமெல்லாம் வச்சிருக்கல்ல, அதெல்லாம் வாசிச்சு அனுப்பிரு."

மறுபடி போட்டுக் கேட்டேன். மறுபடியும் அதையேதான் சொன்னாள். குடம் நிறைந்து வழிந்தது. பின்னால் நின்ற பெண் "டீச்சர், தண்ணி போவுதுங்க" என்று சத்தம் போட்டாள். தீபாவளிக்கு வருகிறவள் எதற்காக என்னை வாசிக்கச் சொல்கிறாள்? அவள் வரப்போவதில்லை. எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. அன்றைக்குக் கூப்பிட்டேன்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்க்கா. இன்னும் ரெண்டு வருசம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ. அப்பறம் நான் வந்துருவேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிள்ளைக்கு அம்மா வேண்டாமா, எனக்குத் தங்கச்சி வேண்டாமா என்று என்னென்னவோ கேட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் தொண்டை கட்டிக்கொண்டு சத்தம் போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"புள்ள படிக்கணும்க்கா. நான் ஒன்னுமே படிக்கல, நீ வாசிச்சதக் கேட்டதுதான். அவளாச்சும் படிக்கட்டும்."

"சரி, படிக்கட்டும். அதுக்கு எதுக்குக் கதையெல்லாம் முடிக்கச் சொல்ற? ஒரு கதையாச்சும் மிச்சம் வைப்போமே. ரெண்டு வருசம் கழிச்சு வந்து படி."

"வேணாங்க்கா" என்றாள். "மிச்சம் இருந்தா மனசு அங்கயே நிக்கிது. துணி தேய்க்கையில, அதுக்கப்பறம் என்னா ஆயிருக்கும், நான் போயி எந்தக் கதைய மொதல்ல எடுப்பேன்னே ஓடிக்கிட்டு இருக்கு. போன வாரம் மேடத்தோட உடுப்ப ஒன்னு கருக்கிட்டேன். இன்னும் ரெண்டு வருசத்துக்கு அப்பிடி ஓடக் கூடாது. முடிச்சிரு, அக்கா."

மகளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் அழவில்லை. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "நான் ஆர்ட்ஸ் படிக்கிறேன் பெரியம்மா. இங்கயே நம்ம ஸ்கூல்ல இருக்கு. அம்மாவ வரச் சொல்லுங்க" என்றாள்.

எனக்கு ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தங்கச்சி எதையாவது செய்து வந்துவிடுவாள். இரண்டு பேரும் என் பக்கத்தில் இருப்பார்கள். கம்பளிக்குள் உட்கார்ந்து வாசிக்க வேண்டியதில்லை. ஆனால் கணிதத்தில் ஏ எடுத்த ஒரு பிள்ளை என் எதிரில் துணி மடித்துக்கொண்டு நின்றது. இத்தனை வருஷம் வகுப்பில் நின்று, படி படி என்று கத்தித்தான் இந்தத் தொண்டை போயிருக்கிறது.

"சயன்ஸ் படி" என்றேன்.

அடுத்த நாள் ரப்பர் வளையங்களைக் கழற்றினேன். சில வளையங்கள் நாள்பட்டுக் காய்ந்து தொட்டவுடனே அறுந்துவிட்டன. கதவைச் சாத்தி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு தொடங்கினேன். முதலில் கோபக்கார நாயகனின் கதை. அதை வாங்கும்போது நடுப்பக்கம் என்னை ஏமாற்றிவிட்டது, கன்னத்தில் அறைவதையெல்லாம் பிற்பகுதியில்தான் வைத்திருந்தார்கள். அவன் திருந்தினான். அவனோடு கோபித்துக்கொண்டு போன தாயார் மழையில் நனைந்தபடி வீட்டுக்கு வந்தாள். அடுத்தது மலைநாட்டுக் கதை. பட்டணத்துக்குப் போன நாயகி மறுபடி பனிமூட்டத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கினாள், கொழுந்து எடுக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து அவள் தலையில் பூப்போட்டார்கள். கேலியாக ஒன்றும் சொல்லாமல் வாசித்தேன். அதற்கடுத்ததில் மூத்த மகன் பெட்டியோடு வாசலில் நின்றான். உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. அவனுக்கு ஒரு இலை போட்டு வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி வாசித்தேன். பந்தியைக் கேட்காமலே இரண்டு தரம் வாசித்தேன்.

இந்த நாவல்களைப் பற்றி என் அபிப்பிராயம் என்ன என்று இப்போது கேட்டால், அவை பொய் சொல்கின்றன என்றுதான் இன்னமும் சொல்வேன். ஆனால் முன்பு மாதிரி இளக்காரமாகச் சொல்லமாட்டேன். அழுகிற பெண்ணை அட்டையில் போட்டு, வந்து சேர்கிறவர்களைக் கடைசியில் வைக்கிறவர்களுக்கு, யார் இதை வாங்கிப் படிக்கிறார்கள் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. எழுதுகிறவர்கள் வீட்டிலும் யாராவது வராமல் இருந்திருப்பார்கள். எனக்கு அவர்களோடு சண்டை போடத் தெம்பில்லை.

எல்லாவற்றையும் அனுப்பி முடித்த பிறகு, அவளிடமிருந்து ஒரு பதிவு வந்தது. பின்னால் இஸ்திரிப் பெட்டியின் நீராவிச் சத்தம் கேட்டது.

"நல்லா இருந்திச்சுக்கா. எல்லாரும் வீட்டுக்கு வந்து சேந்துட்டாங்க." பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம். "பள்ளிக்கூடம் தொறக்கப் போவுதில்ல? தொண்டைக்குக் கொஞ்சம் கொத்தமல்லி அவிச்சுக் குடி."

லீவு முடிவதற்கு முன்னால் அந்த அடுக்கை அலமாரியிலிருந்து இறக்கினேன். லயத்துப் பெண்கள் இரண்டு வருஷமாக அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான்தான் கொடுக்காமல் வைத்திருந்தேன். பக்கத்துக் காம்பராப் பெண் மலையிலிருந்து இறங்கி வந்து, கையைக் கழுவி, பாவாடையில் துடைத்துக்கொண்டு புத்தகங்களை வாங்கினாள். அட்டையில் அழுகிற பெண்ணை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதெல்லாம் தங்கச்சி வந்து படிக்கிறதுக்குன்னு வச்சிருந்தீங்களே டீச்சர்?"

"கேட்டு முடிச்சிட்டா" என்றேன்.